மறத்தலும் அன்பே: கிறிஸ்ரினா ரொசெற்றியின் ஒரு காதற் கவிதை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு மருத்துவரைப் பேச அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ குருதி அமுக்கத்தைப் பற்றியோ பேசுவார் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். சங்கச் செயலாளர் அக்காவும் அப்படித்தான் எதிர்பார்த்தார். ஆனால் எங்கள் வகுப்புத் தோழிகள் கூடிக் கதைத்து வேறொன்றைத் தீர்மானித்தோம். இன்று பதினான்கே வரிகள் கொண்ட ஓர் ஆங்கிலக் காதற் கவிதையைப் பற்றிப் பேசப்போகிறோம். மேடையில் நிற்பது ஒருவர். சொல்வது வகுப்பு முழுவதும். ஆகவே 'நாங்கள்' என்றே பேச அனுமதி தாருங்கள்.

1994ஆம் ஆண்டு. நாங்கள் அப்போது பத்தாம் ஆண்டு. மின்சாரம் இல்லாத காலம். இரவில் ஜாம் போத்தல் விளக்கில் படிப்பு. கொப்பிக்குத் தட்டுப்பாடு, பழைய கொப்பிகளில் எழுதாமல் மிஞ்சிய தாள்களைப் பிரித்தெடுத்துத் தைத்து வைத்திருந்தோம். ஒரு நாள் மதிய உணவுக்குப் பிறகு எங்கள் ஆங்கில இலக்கிய ரீச்சர் கரும்பலகையில் இந்தக் கவிதையை எழுதினார். எழுதி முடித்ததும், "இதைப் பாடமாக்குங்கோ பிள்ளையள். கொப்பியை நம்பாதேங்கோ" என்றார். அடுத்த ஆண்டு இடப்பெயர்வு வந்தது. கொப்பிகள் போயின. பாடமாக்கியது மட்டும் எங்களோடு வந்தது.

கவிதையின் பெயர் 'ரிமெம்பர்'. 'நினைவில் வை' என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் கிறிஸ்ரினா ரொசெற்றி. 1830 டிசெம்பரில் லண்டனில் பிறந்தவர். தந்தை இத்தாலியிலிருந்து அரசியல் காரணத்தால் நாடு விட்டு வந்தவர். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் இத்தாலிய மொழிப் பேராசிரியராக இருந்தார். அகதியின் மகள் என்று ரீச்சர் சொன்னபோது அது எங்களுக்கு வெறும் செய்தியாகத்தான் இருந்தது. ஓர் ஆண்டு கழித்து அந்தச் சொல்லுக்கு எங்களுக்கும் பொருள் தெரிந்தது. கிறிஸ்ரினா பள்ளிக்கூடம் போனவரல்லர், தாயிடமே படித்தவர். எங்களில் பலருக்கு அவரை இன்னொரு வழியிலும் தெரியும். நத்தார் காலத்தில் ஆங்கிலத்தில் நாங்கள் பாடும் அந்தக் கடுங்குளிர்காலக் கீதத்தின் சொற்கள் அவருடையவை.

இந்தக் கவிதையை அவர் 1849இல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 18. ஜேம்ஸ் கொலின்சன் என்ற ஓவியரோடு திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்தது. கொலின்சன் கத்தோலிக்க சபைக்குத் திரும்பியதால் 1850இல் அந்த நிச்சயம் முறிந்தது. கவிதை நூலில் வெளிவந்தது 1862இல். கவிதையில் பேசுகிறவளைக் கிறிஸ்ரினா என்றே எடுத்துக்கொள்ள வேண்டிய தேவையில்லை. அங்கே பெயரே இல்லை. 'நான்', 'நீ' இரண்டுதான். எங்கள் அகப்பாடல்களிலும் தலைவன், தலைவி பெயர் சொல்லும் வழக்கம் இல்லை அல்லவா? ஆனால் ஒரு வேறுபாடு. பாலைத்திணையில் பெரும்பாலும் தலைவன் பிரிந்து போவான், தலைவி வீட்டில் இருந்து வருந்துவாள். இங்கே போகப்போகிறவள் தலைவி. திரும்பி வரும் வழியில்லாத பயணம். இருக்கப்போகிறவன் அவன்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். பதினான்கு வரிகள் கொண்ட இந்த வடிவத்தை ஆங்கிலத்தில் சொனற் என்பார்கள். இத்தாலியில் பிறந்த வடிவம் அது. முதல் எட்டு வரிகள் ஒரு பகுதி, கடைசி ஆறு வரிகள் இன்னொரு பகுதி. எட்டு வரிகளுக்கும் இறுதியில் இரண்டே ஓசைகள்தான் மாறி மாறி வருகின்றன. தமிழில் இயைபு என்போமே, அது. ஒரே இரண்டு ஓசைகளுக்குள் சுற்றிச் சுற்றி வருவதால் அந்த எட்டு வரிகளையும் படிக்கும்போது பூட்டிய அறைக்குள் நடக்கும் உணர்வு வரும். ஒன்பதாவது வரியில் 'ஆனாலும்' என்ற பொருளில் ஒரு சிறிய சொல். அங்கே கதவு திறக்கிறது. ஓசைகளும் மாறுகின்றன.

மொழியோ மிக எளிமை. பெரும்பாலும் ஓரசைச் சொற்கள். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த நாங்களே அகராதி இல்லாமல் முக்கால்வாசியை விளங்கிக்கொண்டோம். காதற் கவிதை என்கிறோம். ஆனால் 'காதல்' என்ற சொல் பதினான்கு வரிகளில் ஓர் இடத்திலும் இல்லை. சாவைப் பற்றிய கவிதை என்கிறோம். 'சாவு' என்ற சொல்லும் இல்லை. அவள் 'போய்விடுவதை'ப் பற்றித்தான் பேசுகிறாள். நாங்களும் அப்படித்தானே? செத்துப்போனார் என்று எங்கள் வீடுகளில் பெரியவரைச் சொல்லமாட்டோம். காலமானார் என்போம், மோசம் போனார் என்போம், இறைவனடி சேர்ந்தார் என்போம்.

அவள் போகும் இடம் ஒரு நாடு. ஓசையே இல்லாத நாடு. கிறிஸ்ரினா ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தை. பிற்காலத்தில் பக்தி நூல்கள் பல எழுதியவர். இருந்தும் இந்தக் கவிதையில் மோட்சம் இல்லை, தேவதூதர் இல்லை, அங்கே சந்திப்போம் என்ற வாக்குறுதி இல்லை. இருப்பது தூரமும் மௌனமும். காதலர்களுக்கிடையே பேச்சு நின்றுபோவதுதான் இங்கே சாவு.

உடலைப் பாருங்கள். காதற் கவிதைகளில் கண் வரும், கூந்தல் வரும், இதழ் வரும். இங்கே பெயர் சொல்லி வரும் உறுப்பு ஒன்றே ஒன்று: கை. அவன் பிடித்துக்கொள்ளும் கை. அடுத்து ஓர் அசைவு. விடைபெறத் திரும்பியவள் பாதி திரும்பிய நிலையிலேயே தயங்கி நின்றுவிடுகிறாள். அந்தத் தயக்கமும் இனி முடியாது என்கிறாள். 15 வயதில் இது எங்களுக்குச் சரியாக விளங்கவில்லை. வைத்தியசாலைக்கு வேலைக்குப் போன பிறகுதான் விளங்கியது. பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடிக்கும். எல்லோரும் கட்டிலை விட்டு எழும்புவார்கள். விடுதி வாசல் வரை போய் யாராவது ஒருவர் பாதி திரும்பி நிற்பார். மறந்துவிட்ட சுடுதண்ணீர்ப் போத்தலை எடுப்பதுபோல ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு மறுபடி உள்ளே வருவார். எங்கள் ஊரில் 'போறன்' என்று சொல்வதே பிழை. 'போட்டு வாறன்' என்றுதான் சொல்லவேண்டும். அந்த 'வாறன்' முடியாமற்போகும் நேரத்தைத்தான் 18 வயதுப் பெண் அந்த ஒரு வரிக்குள் வைத்திருக்கிறாள்.

அடுத்தது எதிர்காலம். நாளாந்தம் அவன் அவளுக்கு அவர்களுடைய எதிர்காலத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறான். இலக்கணத்தைக் கவனியுங்கள். எதிர்காலம் இருவருக்கும் உரியது. திட்டம் போட்டவன் அவன் ஒருவன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். திருமணமான பெண்ணின் சொத்து கணவனுக்குப் போன காலம் அது. அவளுடைய நாளையைப் பற்றிப் பேசும் உரிமையும் அவனிடமே இருந்தது. அவள் குறை சொல்லவில்லை. ஒரு சொல்லை அதற்குரிய இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். பிறகு, ஆலோசனைக்கும் செபத்துக்கும் அப்போது நேரம் கடந்திருக்கும் என்று சொல்லி முதற் பகுதியை முடிக்கிறாள்.

இனி அந்த 'ஆனாலும்'. இடையில் கொஞ்சக் காலம் என்னை மறந்துபோய், பிறகு நினைவு வந்தால் அதற்காக வருந்தாதே என்கிறாள். இங்கே இரண்டு கடினமான சொற்கள் வருகின்றன. ஒன்று 'கரப்ஷன்'. ரீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பு சிரித்தது. எங்களுக்குத் தெரிந்த கரப்ஷன் பத்திரிகையில் வரும் லஞ்ச ஊழல்தான். ரீச்சர் ஆங்கில வேதாகமத்தைத் திறந்து காட்டினார். மண்ணுக்குள் உடல் அழிந்து போவதற்கு அங்கே அதே சொல். சிரிப்பு நின்றுவிட்டது. மென்மையாகப் பேசிக்கொண்டு வந்தவள் திடீரென்று மண்ணுக்குள் நடப்பதைச் சொல்லிவிடுகிறாள். மற்றது 'வெஸ்ரிஜ்'. காலடித் தடம் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'சுவடு' என்றால் காலடித் தடமும்தான், எச்சமும்தான். இந்த ஓர் இடத்தில் தமிழ் அந்தக் கவிதைக்கு ஆங்கிலத்தை விட நெருக்கமாக இருக்கிறது. உடல் அழிந்த பிறகும் தன் எண்ணங்களின் சுவடு ஏதாவது மிஞ்சினால், அந்தச் சுவடு அவனிடம் வேண்டுவது என்ன? நினைத்து அழுவதைக் காட்டிலும் மறந்து சிரிப்பதே மேல் என்பதுதான்.

இந்த இடத்தில் எங்கள் வகுப்பில் ஒருத்தி எழும்பினாள். கடைசி வரிசையில், யன்னலோரத்தில் இருந்தவள். எல்லாவற்றுக்கும் எதிர்க்கேள்வி கேட்பவள். "இது பொய் ரீச்சர். மறந்துபோ எண்டு சொல்லுறவள் ஏன் ஐஞ்சு தரம் நினை, நினை எண்டு சொல்லுறாள்? கடைசிச் சொல்லும் சோகம்தானே?"

எண்ணிப் பார்த்தோம். சரியாக ஐந்து. கடைசிச் சொல்லும் அவள் சொன்னதுதான். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. விட்டுக்கொடுக்கும் காதல் என்றது ஒரு பாதி; தன்னை மறக்கவிடாமற் செய்வதற்கான தந்திரம் என்றது மற்றப் பாதி. ரீச்சர் சொன்னார்: "எண்ணினது சரி. இனி ஒவ்வொண்டும் என்ன வினை எண்டு பாருங்கோ."

பார்த்தோம். முதல் மூன்றும் ஏவல். 'நினை' என்ற கட்டளை. மூன்றும் முதல் எட்டு வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றன. நான்காவது, நினைவு வந்தால் என்ற நிபந்தனை. ஐந்தாவது, வேண்டாம் என்று ஒதுக்கப்படும் ஒன்று. கடைசி ஆறு வரிகளில் ஒரேயொரு கட்டளைதான் உண்டு: வருந்தாதே. அதாவது கவிதை போகப் போக அவள் கட்டளையிடுவதை விட்டுவிடுகிறாள். பிடித்த கையை விரல் விரலாக விடுவிக்கிறாள். சோகம் என்ற சொல் கடைசியில் நிற்கிறது, உண்மைதான். அதை அவள் மறைக்கவில்லை. அவளுக்கும் வலிக்கிறது. வலித்துக்கொண்டேதான் விடுகிறாள். எங்கள் தோழி மட்டும், "எண்டாலும் எனக்கு நம்பிக்கையில்லை ரீச்சர்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தாள்.

இந்தக் கவிதை வெளிவந்த காலத்தையும் சொல்லவேண்டும். விக்ரோரியா மகாராணியின் கணவர் அல்பேட் இளவரசர் 1861 டிசெம்பரில் இறந்தார். மகாராணி அன்று உடுத்த கறுப்பை 1901இல் இறக்கும்வரை மாற்றவில்லை. துக்கம் காத்தல் அந்தச் சமூகத்தில் ஒரு பெரிய ஒழுங்கு. கறுப்புக் கரையிட்ட கடிதத் தாள், இறந்தவரின் தலைமயிரை வைத்துச் செய்த நகை என்று எத்தனையோ. கிறிஸ்ரினாவின் தமையன் டான்ரே கேப்ரியல், 1862 பெப்ரவரியில் இறந்த மனைவியின் பெட்டிக்குள் தன் கவிதைக் கையெழுத்துப் பிரதியை வைத்து அடக்கம் செய்தார். 1869இல் கல்லறையைத் தோண்டுவித்து அதை வெளியே எடுத்தார். நினைவு என்பது கடமையாக, ஏன், சுமையாகவும் இருந்த அந்த உலகத்தில்தான், அல்பேட் இறந்த சில மாதங்களில், மறந்து சிரித்தாலும் பரவாயில்லை என்ற இந்தக் குரல் அச்சில் வந்தது. அதன் துணிவை இதை வைத்துத்தான் அளக்கவேண்டும்.

இனி, ஏன் இந்தக் கவிதையை இன்று எடுத்தோம் என்று சொல்கிறோம்.

அந்த யன்னலோரத் தோழி கனடாவில் வாழ்ந்தாள். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. எங்கள் வகுப்பில் மூன்று மருத்துவர்கள். அவள் தன் பரிசோதனை அறிக்கைகளை எங்களுக்கு அனுப்புவாள். நோய் பரவிவிட்டது என்பது பார்த்தவுடனேயே எங்களுக்குத் தெரிந்தது. "உண்மையைச் சொல்லுங்கோடி" என்று ஒரு நாள் கேட்டாள். புதிய மருந்துகள் வந்துகொண்டிருக்கின்றன என்று எழுதினோம். அது பொய்யில்லை. அவள் கேட்டதற்கு அது பதிலுமில்லை.

அத்தோடு நிறுத்தினோமா? வகுப்பு வட்ஸ்அப் குழுவில் ஒவ்வொரு நாளும் இந்த நூற்றாண்டு விழாவைப் பற்றியே எழுதினோம். எல்லோரும் என்ன நிறச் சேலை உடுப்பது, யார் எந்த வீட்டில் தங்குவது, விழா முடிந்ததும் கடற்கரைக்குப் போவதா, கோயிலுக்குப் போவதா. "உனக்கும் சேலை எடுத்தாச்சு, ரிக்கெற்றைப் போடு" என்று எழுதினோம். அவள் ஒரு பூவோ சிரிப்போ அனுப்புவாள். நோயாளர்களுக்கு நாளாந்தம் கெட்ட செய்தி சொல்லிப் பழகிய எங்களுக்கு எங்கள் தோழியோடு அதைப் பேசத் தைரியமில்லை. நாளாந்தம் எதிர்காலத்தைச் சொல்லிக்கொண்டிருந்த அந்தக் கவிதைக் காதலன் யார் என்று இப்போது தெரிகிறதா? நாங்கள்தான். அவளுக்கும் சேர்த்துத் திட்டம் போட்டவர்கள் நாங்கள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பேச்சைத் தொடங்கியது அவள்தான். ஒரு நாள் அழைத்து, "அந்தப் பாட்டு ஞாபகமிருக்கா?" என்றாள். சுற்றி வளைக்காமல் கவிதையை முதலிலிருந்து சொன்னாள். நடுவில் ஓர் இடத்தில் தடுமாறினாள், எடுத்துக் கொடுத்தோம். முடித்துவிட்டுச் சொன்னாள்: "ரீச்சரோட சண்டை பிடிச்சன் என்ன? இப்பவும் எனக்குச் சந்தேகம்தான். என்னை ஒருதரும் மறக்கக்கூடாது எண்டுதான் மனம் கேக்குது. ஆனா பிள்ளைக்கு ஒண்டு சொல்லவேண்டி வந்தா, அந்தக் கடைசி ரெண்டு வரியைத்தான் சொல்லுவன்."

மாதக்கணக்காக நாங்கள் திறக்காத கதவு அது. பாடமாக்கிய பதினான்கு வரிகளைக் கொண்டு அவள் திறந்தாள். அதன் பிறகு பேச வேண்டியவற்றைப் பேசினோம். வலி மருந்தைப் பற்றி, வீட்டிலிருந்தே பராமரிப்பதைப் பற்றி, மகளைப் பற்றி. கொஞ்ச நாட்கள்தான் இருந்தன. ஆனாலும் நேரம் முற்றாகக் கடந்துவிடவில்லை.

கிறிஸ்ரினா ரொசெற்றிக்கும் கடைசியில் வந்தது மார்புப் புற்றுநோய்தான். 1892இல் சத்திரசிகிச்சை நடந்தது. நோய் திரும்பியது. 1894 டிசெம்பர் 29இல் அவர் காலமானார். லண்டன் ஹைகேற் மயானத்தில், தமையன் தோண்டுவித்த அதே குடும்பக் கல்லறையில் அடக்கம். 18 வயதில் கற்பனையில் எழுதியதை 64ஆம் வயதில் அவர் உடலால் அறிந்தார்.

எங்கள் தோழி போய் ஐந்து மாதங்களின் பின் அவளுடைய மகளிடமிருந்து எங்களில் ஒருவருக்கு ஒரு செய்தி வந்தது. பதின்மூன்று வயது. "அன்ரி, நேற்று பள்ளிக்கூடச் சுற்றுலா போனோம். முழு நாளும் அம்மாவை ஒருக்காலும் நினைக்கேல்லை. இரவு படுக்கேக்கதான் நினைவு வந்தது. அது பிழையா?"

இந்தக் கேள்வியை நாங்கள் வேலைத்தலத்தில் வேறு வேறு சொற்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். அந்தியேட்டி முடிந்து முதன்முதல் சிரித்த அன்று மனைவிமார் கேட்பார்கள்; பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன்மார் கேட்பார்கள். எங்கள் மண்ணில் நினைப்பதற்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அதனால் மறந்திருந்த ஒரு மணி நேரம்கூட எங்களுக்குக் குற்றமாகத் தெரிகிறது. பாடப்புத்தகத்தில் இதற்கு மருத்துவ விளக்கம் உண்டு. அந்தப் பிள்ளைக்கு அதை எழுதவில்லை. "பிழையில்லையம்மா. உங்கட அம்மா இதுக்குப் பதில் சொல்லிப்போட்டுத்தான் போனவ" என்று எழுதி, அந்தக் கவிதையை அனுப்பினோம். அம்மா பத்தாம் ஆண்டில் எழும்பி நின்று ரீச்சரோடு வாதாடிய கதையையும் சேர்த்து. பிள்ளை சிரித்ததாகத் தகப்பன் சொன்னார்.

இது நூற்றாண்டு மலர். இதில் வருவதெல்லாம் நினைவுகள். முன்வரிசைத் தங்கைமாருக்கு ஒன்று சொல்கிறோம்: இன்றைக்குப் பயனில்லை என்று தோன்றினாலும் ஒரு கவிதையையாவது பாடமாக்கி வையுங்கள். வெளிநாடுகளில் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளுக்கு இன்னொன்று: பல ஆண்டுகளாகப் பாடசாலையை நினைக்கவே நேரமில்லையே, சந்தாவும் கட்டவில்லையே என்று வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்காதீர்கள். சந்தாவைப் பொருளாளர் அக்கா கேட்பார், அது அவர் கடமை. பாடசாலை உங்களைக் கோபிக்காது. மறந்து நன்றாக வாழ்ந்திருந்தால் அதற்கும் அது மகிழும். இடையில் நினைவு வந்தால் வாருங்கள்.

இன்று பின்னேரம் ஆலமரத்தடியில் குழுப்படம் எடுக்கப்போகிறோம். அவளுக்கு எடுத்த சேலையை அவளுடைய மகள் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். நாங்கள் எல்லோரும் அதே நிறத்தில்தான் உடுத்திருக்கிறோம். படம் எடுக்கும்போது சிரிப்பதா என்று நேற்று இரவும் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் நடந்தது; வகுப்பு மறுபடியும் இரண்டாகப் பிரிந்தது. அவள் இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பாள் என்று சொல்ல முடியவில்லை. ஆனாலும் சிரிப்பதாகவே முடிவு செய்திருக்கிறோம்.